நைட் முடிந்து வரும்போது ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலேயே கண் அசந்துவிட்டது. ஆலோசகரைப் பார்த்தால் ப்ரமோஷன் போய்விடுமா?

மூன்றாவது ஷிப்ட்:

வணக்கம். போலீஸ் வேலைக்கு வந்து 6 வருடம் ஆகிறது. அதில் கடைசி 14 மாதம் ஏறக்குறைய முழுக்க நைட்தான். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. போன வாரம் நடந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும், ஸ்டேஷனில் வாயைத் திறக்க முடியாது, அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

நைட் முடிந்த காலையிலேயே சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மதியம் வரை வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் கேஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கிருந்து என் சொந்த வண்டியில் திரும்பும்போது எப்போது கண் மூடியது என்றே தெரியவில்லை, சக்கரம் சாலையை விட்டு இறங்கி ஜல்லியில் ஓடிய சத்தத்தில்தான் முழித்தேன். எதிரே யாரும் வரவில்லை, அவ்வளவுதான். ஓரமாக நிறுத்திவிட்டு கால் மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் ஓட்டி வந்த எத்தனை பேரை நானே நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு மாதம் முன்பு ஒரு விபத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நானும் என் ஜோடி ட்யூட்டிக்காரரும்தான். சின்னப் பையன். அதற்குமேல் எழுதவில்லை. அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அறிக்கை எழுதினேன், அடுத்த அழைப்புக்குப் போனேன். ஆனால் ஒரு மாதமாகப் படுத்தால் அந்தப் பையனின் செருப்பு வருகிறது. முகம் வரவில்லை, ஒற்றைச் செருப்பு மட்டும்தான். விபத்து நடந்த அந்தச் சாலை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன் என்பதை நேற்றுதான் நானே கவனித்தேன்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். "உடம்பு வந்து சேர்ந்துவிட்டது, நீங்கள் எப்போது வருவீர்கள்?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லாமல் டிவியைப் போட்டேன்.

மூன்று மாதத்தில் பதவி உயர்வுத் தேர்வு. துறையில் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், ஆனால் போனால் ஃபைலில் ஏறிவிடும், துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகலாமா, அல்லது தேர்வு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமா? வீரனாக இரு என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், அது வேண்டாம்.


பழைய விசில்:

தம்பி, 31 வருடம் சீருடை போட்டு ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்வி ஆலோசகரைப் பற்றி. நான் முதலில் ஜல்லியைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உன்னைக் கொல்லப் பார்த்தது அதுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இருந்த பயமெல்லாம் கத்தி, துப்பாக்கி, கும்பல். ஓய்வு பெறும்போது கணக்குப் பார்த்தேன், என்னோடு பயிற்சி முடித்தவர்களில் ட்யூட்டியில் இறந்தவர்கள் மூன்று பேர். மூன்றும் சாலையில். ஒருவர் ஜீப்பில் பெல்ட் போடாமல். ஒருவர் பழுதான லாரிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்தவன் இடித்தான். மூன்றாமவர் உன்னைப்போலத்தான், நைட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில். அவருக்கு ஜல்லிச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன், ஆஸ்திரேலியாவில் 1997ல் சோதித்துப் பார்த்தது. தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருந்தவன் ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவன் அளவுக்குத் தடுமாறுகிறான், 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீதம். முந்தின நாள் சாயங்காலம் நீ எழுந்த நேரத்திலிருந்து கோர்ட்டு வராண்டாவைத் தாண்டி ஜல்லி வரை எண்ணிப் பார். ஊதச் சொன்னால் கருவியில் ஒன்றும் காட்டாது, ஆனால் நீ ஓட்டியது குடித்துவிட்டு ஓட்டியதுதான்.

அதனால் ஆலோசகரிடம் போகிறாயோ இல்லையோ, இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. நைட்டுக்கு மறுநாள் கோர்ட்டு வந்தால் முந்தின நைட்டை மாற்றிக் கொடுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கேள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார், காற்றோடு போகும். எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொண்டால் பாதி நேரம் நடக்கும். நடக்காத நாளில் சொந்த வண்டியை எடுக்காதே. பஸ்ஸில் வா, யாரையாவது வந்து கூட்டிப்போகச் சொல், அதுவும் இல்லையென்றால் வண்டியை நிழலில் நிறுத்தி 20 நிமிடம் தூங்கிவிட்டு எடு. வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் சட்டென்று இறங்கவேண்டும், பெல்ட் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் என்று பாதிப் பேர் போடுவதில்லை. நானும் போடாமல் இருந்தவன்தான். இடத்தை நெருங்கும்போது ஒரு கையால் கழற்றிப் பழகிக்கொள், ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும். சாலையில் வண்டியை நிறுத்தினால் இரண்டு வண்டிக்கு நடுவில் ஒருநாளும் நிற்காதே, போக்குவரத்து ஓடுகிற பக்கமாகப் போய்ப் பேசாமல் முடிந்தவரை மறுபக்கமாகப் போய்ப் பேசு. நின்றிருக்கும் போலீஸ் வண்டியைக் கண்டால் தடம் மாறிப் போகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள், 1996ல் தென் கரோலினாவில் ஆரம்பித்து இப்போது அங்கே எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. அதற்கு முன் எத்தனை பேர் செத்திருந்தால் அப்படி ஒரு சட்டம் வரும், யோசித்துக்கொள்.

ஓவர்டைம் பற்றி நீ கேட்கவில்லை, நானே கேட்கிறேன். 14 மாதம் நைட் என்றால் அந்தப் பணத்துக்குப் பழகிவிட்டாயா? நான் பழகினேன். ஓவர்டைமை நம்பிக் கடன் வாங்கினேன், கடனை அடைக்க ஓவர்டைம் பார்த்தேன், அப்படியே 9 வருடம் ஓடிப்போனது. அடிப்படைச் சம்பளத்துக்குள் குடும்பம் நடந்தால்தான் ஒருநாள் "முடியாது" என்று சொல்ல வாய் வரும்.


தூக்கமே மருந்து:

வேலை சார்ந்த நோய்களைப் பார்க்கிற மருத்துவர் நான், என்னிடம் போலீஸ்காரர்கள் நிறைய வருகிறார்கள், பெரும்பாலும் முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இடுப்பு பெல்ட்டில் அத்தனை கனத்தை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால் பத்து நிமிடம் பேசினால் தூக்கம் வெளியே வரும், இருபது நிமிடம் பேசினால் மற்றது வரும்.

முதலில் ஒரு கேள்வி. குறட்டை விடுகிறீர்களா? மனைவியைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதை ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். 2011ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கிட்டத்தட்ட 5,000 போலீஸ்காரர்களைப் பரிசோதித்த ஆய்வில் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தூக்கக் கோளாறுக்கான அறிகுறி இருந்தது, மூன்றில் ஒருவருக்கு ஆப்னியா. பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. அப்படி இருந்தவர்கள்தான் ஓட்டும்போது அதிகம் தூங்கினார்கள், பிடிபட்டவர்களிடமும் பொதுமக்களிடமும் அதிகம் கோபப்பட்டார்கள், அறிக்கையில் அதிகம் தப்பு விட்டார்கள். எரிந்து விழுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது முழுக்க உங்கள் குணம் இல்லை. ஆப்னியாவுக்கு மருத்துவம் இருக்கிறது, ஓரிரவு சோதனையில் தெரிந்துவிடும்.

நைட் ஷிப்டைப் பற்றிப் பயமுறுத்தவேண்டாம் என்றுதான் பார்க்கிறேன், ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே இரவு வேலையை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வரிசையில் சேர்த்தது, 2019லும் மறுபடி பார்த்து அங்கேயே வைத்தது. ஜான் வயலான்டி என்று ஒருவர், நியூயார்க் மாநிலப் போலீஸில் 20 வருடத்துக்குமேல் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர், பஃபலோ நகரப் போலீஸ்காரர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார். ரத்தக் கொதிப்பு, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து ஏறுகிற நிலை நைட் பார்த்துக் குறைவாகத் தூங்கியவர்களிடம் கூடுதலாக இருந்தது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை ரத்தம், பிரஷர் இரண்டையும் பார்த்துவிடுங்கள், துறை சொல்லும்வரை காத்திருக்கவேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பகலில் தூங்கும் அறை கும்மிருட்டாக இருக்கவேண்டும், கொஞ்சம் வெளிச்சம் என்றெல்லாம் இல்லை. காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆகவே ஷிப்டின் பின்பாதியில் குடிப்பதுதான் காலையில் படுக்கையில் உங்களைப் புரட்டுகிறது. ஷிப்டின் முன்பாதியில் குடியுங்கள், குடித்த கையோடு 20 நிமிடம் கண்ணை மூட வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது, எழும்போதுதான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். தூக்கம் வரவேண்டும் என்று மது வேண்டாம். சீக்கிரம் தூங்கவைக்கும், பாதியில் எழுப்பிவிடும். ஷிப்ட் போடுகிறவர் யாராவது இதைப் படித்தால்: காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றுங்கள், பின்னோக்கிச் சுற்றினால் உடம்பு தாங்காது.

இனி செருப்பு. ஒரு மாதத்துக்குமேல் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவது, அந்தச் சாலையைத் தவிர்ப்பது, எரிச்சல், தூக்கமின்மை. இவை சேர்ந்து வந்தால் அதற்கு 1980 முதலே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மன உளைச்சல். உங்களுக்கு அதுதான் என்று எழுத்தை மட்டும் படித்து நான் சொல்லமாட்டேன், ஆனால் நேரில் ஒருவர் பார்க்கவேண்டிய நிலை இது. மூன்று மாதம் தள்ளிப்போடக் கூடாது. நன்றாகக் குணமாகிற விஷயம் இது. அந்த நினைவை நேராக எடுத்துப் பேசும் மனச் சிகிச்சைகள் இருக்கின்றன, ஈஎம்டிஆர் என்று கண்ணசைவை வைத்துச் செய்வதும் இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். கொடூரமான சம்பவம் முடிந்த உடனே எல்லோரையும் கட்டாயமாக ஓர் அறையில் உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது 1980களிலிருந்து பல நாடுகளில் பரவியது. பிறகு சோதித்துப் பார்த்ததில் அது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2005லேயே அதைச் செய்யவேண்டாம் என்றது. அன்றைக்கு யாரும் உங்களைப் பேச வைக்கவில்லையே என்று நொந்துகொள்ளவேண்டாம். இப்போது பேசுவது வேறு, அது தேவை.

ஆலோசகர் பற்றி: நீங்களாக உதவி கேட்டுப் போவதும், வேலைக்குத் தகுதியா என்று துறை உங்களை அனுப்பிச் சோதிப்பதும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். இரண்டாவதில் முடிவு துறைக்குப் போகும். முதலாவதில் பொதுவாகப் போகாது, ஆனால் இடத்துக்கு இடம் விதி மாறும். அதனால் உட்கார்ந்ததும் கதையைத் தொடங்காதீர்கள். நான் சொல்வது எங்கே எழுதப்படும், யார் படிக்கலாம், எந்தச் சந்தர்ப்பத்தில் வெளியே சொல்வீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். நேராகப் பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்து வெளியே ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக, கேட்காமல் விடமுடியாத ஒன்று. இருந்து என்ன பயன் என்கிற மாதிரி நினைப்பு வருகிறதா? வந்தால் ஃபைல், தேர்வு, ப்ரமோஷன் எல்லாம் அப்புறம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை நீங்கள் எடுக்கமுடியாத இடத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நெருக்கடி உதவி எண் பல நாடுகளில் இருக்கிறது, போலீஸ்காரன் கூப்பிடக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.


சும்மா ஒரு ஆள்:

டாக்டர் சொல்வதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் ஒருவர் துறை ஆலோசகரிடம் போனார். பத்து நாளில் வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் தெரிந்தது. ரோந்துக்கு அவரோடு போக ஆளில்லை, "அண்ணன் அழுதுவிடுவார்" என்று கிண்டல். ஒரு வருடத்தில் தானாகவே மாற்றல் கேட்டுப் போய்விட்டார். ஃபைலில் ஒன்றும் ஏறவில்லை, அது உண்மைதான், ஏறாமலேயே முடித்துவிட்டார்கள். துறைக்கு உள்ளே போகாதே என்பதுதான் என் கருத்து. சொந்தக் காசில், வேறு ஊரில், சீருடை இல்லாமல் போ.


பழைய விசில்:

சும்மா ஒரு ஆள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன், நானே அப்படிக் கிண்டல் செய்த கூட்டத்தில் இருந்தவன், இன்றைக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஸ்டேஷனில் அப்படி ஒருவரைக் கிண்டல் செய்த நாலு பேரில் இரண்டு பேர் பிற்பாடு குடியில் விழுந்தார்கள், அதற்கு யாரும் கிண்டல் செய்யவில்லை, கூட உட்கார்ந்து குடித்தோம். வெளியே போ என்பது சரி. போகாதே என்று மட்டும் அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.


வாசற்கதவு:

நான் போலீஸ் இல்லை, போலீஸின் மனைவி, 17 வருடம். உங்கள் மனைவி கேட்ட கேள்வியை நானும் வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கெவின் கில்மார்ட்டின் என்று அரிசோனாவில் 20 வருடம் போலீஸாக இருந்த ஓர் உளவியலாளர் இதை விளக்குவார். ட்யூட்டியில் எந்நேரமும் உஷாராக இருக்கிறீர்கள், கண், காது எல்லாம் கூர்மையாக, பேச்சும் கலகலப்பாக. உடம்பு அதைச் சமன்செய்ய வீட்டுக்கு வந்ததும் அதே அளவு கீழே இறங்குகிறது. சோர்வு, சலிப்பு, எதிலும் ஒட்டாமை. ஸ்டேஷனில் சிரித்துப் பேசுகிற அதே மனிதர் வீட்டில் கல்லாக உட்கார்ந்திருப்பார். எனக்கு இது தெரியாத காலத்தில் அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். சில நாள் அவர் வாசலில் வண்டிக்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், இருவரும் பேசமாட்டோம்.

எங்களுக்கு உதவியது இரண்டு ஏற்பாடு. வந்ததும் அரை மணி நேரம் நானும் பிள்ளைகளும் எதுவும் கேட்கமாட்டோம், அவர் குளிக்கலாம், சும்மா இருக்கலாம். ஆனால் அரை மணி முடிந்ததும் எழுந்து நடக்கவோ ஏதாவது வேலை செய்யவோ வரவேண்டும், சோபாவும் போனும் கிடையாது. மனசு வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் மனசு வராது, நடந்தால்தான் வரும். இன்னொன்று, என்ன பார்த்தார் என்று சொல்லவேண்டாம், எப்படி இருக்கிறார் என்று ஓர் எண் மட்டும் சொன்னால் போதும், பத்துக்கு எவ்வளவு என்று. "இன்றைக்கு மூன்று" என்றால் நான் அன்றைக்கு பில் கட்டுவது பற்றிப் பேசமாட்டேன். கேட்க விளையாட்டாக இருக்கும், எங்கள் வீட்டில் இது 8 வருடமாக ஓடுகிறது.

செருப்பு விஷயம் உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். விவரம் வேண்டாம். "ஒரு விபத்து மனசை விட்டுப் போகவில்லை" என்று ஒரு வரி சொல்லுங்கள். இல்லையென்றால் தன் மேல்தான் தப்பு என்று அவர் ஒரு கதை கட்டிக்கொண்டிருப்பார், நான் கட்டினேன். அப்புறம், போலீஸ் அல்லாத நண்பர் ஒருவரையாவது விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு எல்லாரும் துறைக்குள்ளேயே என்று ஆகியிருந்தது, ஒரு மெமோ வந்ததும் பாதிப் பேர் போன் எடுக்கவில்லை.


நீளக்கோடு:

நான் பெண் இன்ஸ்பெக்டர், 12 வருடம். ப்ரமோஷன் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

தேர்வு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தூங்காதவன் படித்தது மண்டையில் நிற்காது, ஆகவே கணக்குப்படி பார்த்தாலும் தூக்கத்தை முதலில் சரிசெய்வதுதான் லாபம். நான் நைட் பார்த்துக்கொண்டே படித்தவள். ஷிப்ட் முடிந்து படித்ததில் ஒரு வரி நினைவில்லை, தூங்கி எழுந்து ட்யூட்டிக்குப் போகுமுன் 40 நிமிடம் படித்ததுதான் தேர்வில் வந்தது.

ஆனால் நான் பார்த்தவரை ப்ரமோஷன் போனவர்களுக்கு அது போனது ஆலோசகரால் இல்லை. ஒன்று, களைப்பிலும் கோபத்திலும் ஒருவரை அடித்து, அது வீடியோவில் வந்து. இன்னொன்று, சின்னத் தப்பை மறைக்க அறிக்கையில் எழுதிய பொய். தப்புக்கு மெமோ வரும், போகும், பொய் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1963ல் பிராடி, 1972ல் ஜிக்லியோ என்று இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் விஷயம் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அதனால் ஒருமுறை பொய் சொல்லி மாட்டிய அதிகாரியைக் கூண்டில் ஏற்றவே அங்கே அரசு வக்கீல்கள் யோசிப்பார்கள். அப்படி எழுதாத ஊரிலும் நீதிபதிக்கு ஞாபகம் இருக்கும்.

எனவே குறிப்பை அன்றைக்கே, அந்த ஷிப்ட்டிலேயே எழுதுங்கள், நேரத்தோடு. பார்த்ததை மட்டும், நினைத்ததை அல்ல. குறுக்கு விசாரணையில் தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், எனக்கு அதற்கு 4 வருடம் பிடித்தது. கிடைக்கிற பயிற்சிக்கெல்லாம் பெயர் கொடுங்கள், சான்றிதழை ஒரே கவரில் வையுங்கள், நல்ல வேலை செய்த நாளையும் தேதியோடு எழுதி வையுங்கள், ஏனென்றால் மோசமான நாளைத் துறையே எழுதி வைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று, இது என் சொந்த ஆத்திரம். குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கான கெவ்லார் இழை 1965ல் ஒரு பெண் வேதியியலாளர், ஸ்டெஃபனி குவோலெக், கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. ஆனால் எனக்கு முதல் 5 வருடம் கொடுத்தது ஆண் உடம்புக்குத் தைத்தது. உட்கார்ந்தால் கழுத்தில் முட்டும், பக்கவாட்டில் கை நுழையும் அளவு இடைவெளி, கையை நீட்டினால் மேலே ஏறிக்கொள்ளும். பொருந்தாத ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கத்தான் தோன்றும், கழற்றி வைத்தது யாரையும் காப்பாற்றாது. மூன்று முறை எழுதிக் கேட்டபிறகு அளவு எடுத்துக் கொடுத்தார்கள். ஆணோ பெண்ணோ, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் தேதியைப் பாருங்கள், பொதுவாக 5 வருடத்துக்குத்தான் தயாரிப்பாளர் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் மடித்துத் திணிக்காதீர்கள். துப்பாக்கிப் பயிற்சி முடிந்து வந்ததும் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள், காற்றில் ஈயம் இருக்கும், அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.


மூன்றாவது ஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். டாக்டர் கேட்டதற்கு: இல்லை, அந்த நினைப்பு வரவில்லை, வந்தால் சொல்வேன். குறட்டை பற்றி மனைவியைக் கேட்டேன். சிரித்துவிட்டாள், ரொம்ப நாளைக்கு அப்புறம். அதோடு "நடுவில் சத்தமே நின்றுவிடும், எனக்குப் பயமாக இருக்கும், அதனால் காலால் இடிப்பேன்" என்றாள். ஒரு வருடமாக இடிக்கிறாளாம். நான் கொசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


தூக்கமே மருந்து:

இடிக்கிற அளவுக்கு மூச்சு நிற்கிறதென்றால் இந்த வாரமே சோதனைக்குப் பதிவு செய்யுங்கள். ரிசல்ட் வரும்வரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், வண்டியை நைட்டுக்கு அப்புறம் தொடாதீர்கள்.


மூன்றாவது ஷிப்ட்:

12 நாள் கழித்து எழுதுகிறேன். சோதனை முடிந்தது, ஆப்னியா இருக்கிறது, நடுத்தர அளவு என்றார்கள். இரவில் போட ஒரு முகமூடிக் கருவி கொடுத்திருக்கிறார்கள், போட்டால் விமானப்படை மாதிரி இருக்கிறேன் என்று மகள் சொல்கிறாள். இரண்டு இரவுதான் ஆகிறது, பெரிய மாற்றம் என்று இன்னும் சொல்லமாட்டேன்.

துறைக்கு வெளியே ஓர் ஆலோசகரைப் பார்த்தேன். மூன்று கேள்வியையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன், அவர் கோபப்படவில்லை, மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். அப்புறமும் அரை மணி நேரம் முதுகுவலியைப் பற்றித்தான் பேசினேன்.

எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜோடி ட்யூட்டிக்காரரிடம், ரோந்தில் இருக்கும்போது, உங்களுக்கு அந்த விபத்து ஞாபகம் வருமா என்று கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "எனக்கு அந்த அம்மாவின் கைப்பை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரும் நான்கு மாதமாக அந்தச் சாலையைச் சுற்றித்தான் போகிறாராம், வண்டியை ஓட்டியது பாதி நாள் அவர், நான் கவனிக்கவே இல்லை. ஆலோசகரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளை மறுபடி நைட், மறுநாள் பத்தரைக்கு கோர்ட்டு, அதே கேஸ். நைட்டை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து 5 நாள் ஆகிறது, பதில் இல்லை.


பழைய விசில்:

நகல் வைத்திருக்கிறாயா?


மூன்றாவது ஷிப்ட்:

வைத்திருக்கிறேன் அண்ணே. வண்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன், கோர்ட்டு முடிந்ததும் அவளே வந்து கூட்டிப்போகிறாள்.